ஸ்கேன் எடுக்காமலேயே அனுப்பிவிட்டார்கள்: தலையில் அடிபட்ட குழந்தைக்கு இது போதுமா?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஆறு வயதில் ஒரு மகள். இன்று மாலை நான்கரை மணிக்கு மாடிப்படியில் நான்காவது படியிலிருந்து தவறி விழுந்தாள். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. விழுந்த உடனே வீறிட்டு அழுதாள், மயக்கம் போடவில்லை. ஆட்டோவில் போகும்போது ஒரு முறை வாந்தி எடுத்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் தடவினார். மண்டை முழுவதும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருவார்கள், மதியம் என்ன சாப்பிட்டாய் என்றெல்லாம் அவளிடமே கேட்டார். பிறகு, "இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம். இங்கேயே இருங்கள், நான் அவ்வப்போது வந்து பார்க்கிறேன்" என்றார். அரைமணிக்கு ஒரு முறை அவரோ செவிலியரோ வந்தார்கள். ஒன்பதரை மணிக்கு ஒரு தாளில் அறிவுரைகளை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா சத்தம் போடுகிறார். "தலையில் அடிபட்ட பிள்ளையை ஒரு படம்கூட எடுக்காமல் கூட்டிக்கொண்டு வந்தாயா?" பக்கத்து வீட்டுக்காரர், "காசு கட்டமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்" என்கிறார். குழந்தை தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தூண் | இரவு 10.58

காலை வரை காத்திருக்காதீர்கள். வேறு இடத்துக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பணத்தை எப்போது வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம். என் நண்பன் ஒருவன் வண்டியிலிருந்து விழுந்து, நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தான். அன்றிரவே போய்விட்டான். அதிலிருந்து தலையில் அடி என்றாலே எனக்குப் பொறுக்காது.

கார்முகில் | இரவு 11.25

வைகைக்கரை ஐயா, நான் ஓர் அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக மருத்துவராக இருக்கிறேன். உங்கள் மகளை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் அவளைப் பார்த்தவரின் முடிவுக்கு மேல் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அவர் முறையாகப் பார்த்திருக்கிறார் என்றே தெரிகிறது.

காதுக்குப் பின்னால் ஏன் தடவினார்? மண்டையோட்டின் அடித்தள எலும்பு முறிந்தால் அந்த இடத்தில் நீலம் பாரிக்கும். காதிலும் மூக்கிலும் தெளிந்த நீர் கசிகிறதா என்றும் பார்த்திருப்பார். விரலால் அழுத்தியது, எலும்பு எங்காவது உள்வாங்கியிருக்கிறதா என்று அறிவதற்காக. பக்கத்தில் உட்காருபவள் யார் என்று கேட்டது நினைவு தெளிவாக இருக்கிறதா என்று அறிவதற்காக. ஒரு குழந்தை தோழியின் பெயரைச் சொல்லி, "அவள் என் பென்சிலைத் திருப்பித் தரவில்லை" என்று புகாரும் சொன்னால் எனக்குப் பாதி பயம் போய்விடும்.

பெக்கார்ன் என்றொரு குழந்தைகள் அவசர சிகிச்சை ஆய்வுக் கூட்டமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது. 25 அவசரப் பிரிவுகளுக்குத் தலையில் அடிபட்டு வந்த 42,412 பிள்ளைகளை ஆராய்ந்து, 2009இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். விழிப்பாகவோ சற்றே மந்தமாகவோ வந்த பிள்ளைகள் இவர்கள். இத்தனை பேரில் கவலைப்படும்படியான மூளைக்காயம் இருந்தது 376 பேருக்கு. மூளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு.

அதிலிருந்து வந்த விதியில், இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஆறு கேள்விகள். நினைவு மந்தமாக இருக்கிறதா, அடித்தள எலும்பு முறிவின் அடையாளம் ஏதாவது இருக்கிறதா? இந்த இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் யோசிக்கவே கூடாது, உடனே ஸ்கேன். அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குமேல் உள்ளே காயம் இருந்தது. மற்ற நான்கு கேள்விகள்: மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்ததா, தலைவலி கடுமையாக இருக்கிறதா, ஐந்தடிக்கு மேலிருந்து விழுந்தது அல்லது நடந்து போகையில் வண்டி மோதியது போன்ற பெரிய விபத்தா? இவற்றில் ஏதாவது இருந்தால் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஆறும் இல்லையென்றால் இரண்டாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

உங்கள் மகளுக்கு இருந்தது ஒரே ஒரு வாந்தி. நான்கு படி என்பது இரண்டரை அடிகூட வராது. இந்த நிலையில் உட்கார வைத்துக் கண்காணிப்பதும் அந்த விதி ஏற்கிற வழிதான். பல மணி நேரம் ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பது, ஸ்கேன் சீட்டு எழுதிக் கொடுப்பதைவிட உழைப்பு மிகுந்த வேலை. கூட்டமான பிரிவில் அதைச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அவள் தூங்கட்டும். உங்கள் நிம்மதிக்காக இரவில் ஒன்றிரண்டு முறை தொட்டு எழுப்பிப் பாருங்கள். சிணுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்தால் போதும். எழுப்ப முடியவில்லை, மறுபடி மறுபடி வாந்தி, தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, வலிப்பு, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, காதிலோ மூக்கிலோ நீர் வடிகிறது என்று எது நடந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் திரும்பிப் போய்விடுங்கள். அப்போது அவர்களே ஸ்கேன் எடுப்பார்கள்.

ஒளித்திரை | இரவு 11.50

நான் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் பிரிவில் வேலை செய்கிறேன். எல்லோரும் 'ஒரு படம் எடுத்துப் பார்த்தால் என்ன' என்று கேட்கிறார்கள். என்ன என்று அந்த அறைக்குள் நிற்பவன் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு நான்கு வயதுப் பையன். மேசையில் படுக்க வைத்தவுடன் அலறத் தொடங்கிவிட்டான். தாய் ஈய மேலங்கியைப் போட்டுக்கொண்டு அவன் கையைப் பிடித்தபடி, "அம்மா இங்கேயே இருக்கிறேன் சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தலையைத் தாங்கியில் வைத்துப் பட்டையைக் கட்டினால் உருவிக்கொள்கிறான். அசைந்தால் படம் கலங்கிவிடும். கலங்கினால் மறுபடி எடுக்கவேண்டும். மறுபடி எடுத்தால் மறுபடி கதிர்வீச்சு. கடைசியில் தூக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தோம். அந்தப் பையனுக்கு நினைவு மந்தமாக இருந்தது, எடுத்தே ஆகவேண்டிய ஸ்கேன். ஆனால் தூக்க மருந்து கொடுத்த பிறகு, குழந்தை மந்தமாக இருப்பது அடியாலா மருந்தாலா என்று சொல்வதும் கடினமாகிவிடுகிறது.

தலைக்கு ஒரு சி.டி. எடுத்தால் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதர் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4. ஏறக்குறைய ஓராண்டுக் கணக்கைச் சில நொடிகளில் கொடுக்கிறோம். தனி ஒருவருக்கு இதனால் வரும் ஆபத்து மிகச் சிறியதுதான், பீதி வேண்டாம். ஆனால் வளரும் பிள்ளைகளின் உடலுக்கு அது பெரியவர்களைவிடக் கூடுதலாக உறைக்கும். பிரிட்டனில் இளவயதில் சி.டி. எடுத்துக்கொண்ட ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சு கூடக்கூட ரத்தப் புற்றும் மூளைக்கட்டியும் சற்றே கூடியது தெரிந்தது.

தேவையான ஸ்கேனை இந்தக் கணக்கைச் சொல்லி யாரும் தள்ளிப்போடக் கூடாது. தேவையில்லாததை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது.

கல்தூண் | திங்கள், காலை 6.15

மருத்துவர் அம்மா, மரியாதையோடு கேட்கிறேன். நூற்றில் ஒன்று என்று நீங்கள் எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த ஒன்று நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

கார்முகில் | காலை 6.50

எளிதாகச் சொல்லவில்லை ஐயா. அந்த ஒரு பிள்ளையைத் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான் கண்காணிப்பு. அடிபட்ட சில நிமிடங்களிலேயே ஸ்கேன் எடுத்தால், மெதுவாகக் கசியும் ரத்தம் அப்போது படத்தில் தெரியாமலும் போகலாம். படம் அந்த நொடியை மட்டும் காட்டும். சில மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தால் குழந்தை தேறுகிறதா, சோர்கிறதா என்ற போக்கு தெரியும்.

உங்கள் நண்பருக்கு நடந்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். முதலில் தெளிவாகப் பேசுவார்கள், சில மணி நேரத்தில் சரிந்துவிடுவார்கள். அவர் விழுந்த பிறகு மருத்துவமனைக்குப் போனாரா?

கல்தூண் | காலை 7.05

போகவில்லை. வீட்டில் போய்ப் படுத்துவிட்டான்.

பனிமல்லி | காலை 7.40

நான் ரொறன்ரோவில் தாதியாக வேலை செய்கிறேன். கல்தூண் அண்ணா எழுதியதைப் படித்ததும் 2009 மார்ச்சில் இங்கே கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி முதலில் வந்த அம்புலன்சைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்துபோனார். நீங்கள் சொன்ன அதே ரத்தக்கட்டு. அவர் விழுந்தவுடன் ஒருவர் முறையாகப் பார்த்து, சில மணி நேரம் பக்கத்தில் வைத்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று அன்று எங்களில் பேசாத ஆளில்லை.

படம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் விதிகளில் பலவும் பிறந்தது கனடாவில், ஒட்டாவா நகரில்தான். இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1992இல் கணுக்காலுக்கு ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னர் கால் பிரண்டு வருகிற ஏறக்குறைய எல்லோருக்கும் எக்ஸ்றே எடுப்பார்கள். எலும்பு முறிந்திருப்பது நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் குறைவு.

அந்த விதியை என் காலிலேயே பார்த்தேன். இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னர் வாகனத் தரிப்பிடத்தில் சறுக்கி விழுந்தேன். கணுக்கால் வீங்கிப் பலாக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. முறிவுதான் என்று நானே தீர்மானித்துவிட்டேன். வைத்தியர் வீக்கத்தைப் பார்க்கவே இல்லை. வெளிப்புறம் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பில், நுனியிலிருந்து ஆறு சென்ரிமீற்றர் உயரம் வரைக்கும் பெருவிரலால் அழுத்திக்கொண்டு போனார். பிறகு உட்புறத்தில் அதே மாதிரி. பிறகு பாதத்தின் வெளியோரத்தில் சின்னவிரலுக்குப் போகிற நீள எலும்பின் அடியில், பிறகு பாதத்தின் உட்புற வளைவுக்கு மேலே. வலித்தது எல்லாம் எலும்புக்கு முன்னால் இருக்கிற தசைநாரில். எலும்பில் வலி இல்லை. "எழும்பி நான்கு அடி நடவுங்கள், நொண்டினாலும் பரவாயில்லை" என்றார். நடந்தேன். எக்ஸ்றே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார். மூன்று கிழமையில் சுகம்.

இதே குழுதான் 2001இல், பத்து வைத்தியசாலைகளில் 3,121 பேரைப் பார்த்துப் பெரியவர்களின் தலைக்காயத்துக்கும் விதி எழுதியது. கழுத்துக்கும் அவர்களிடம் ஒன்று உண்டு. பாதுகாப்பான சூழ்நிலையில், தலையை இரண்டு பக்கமும் 45 பாகை தானாகவே திருப்ப முடிகிறதா என்பது அதில் கடைசிக் கேள்வி. வீதியில் விழுந்து கிடப்பவரிடம் இதைச் செய்து பார்க்க வேண்டாம், தயவுசெய்து.

தென்னந்தோப்பு | காலை 8.30

விதிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். விதிக்குள் வராதவர்களைப் பற்றியும் பேசுங்கள். என் அப்பாவுக்கு 71 வயது. இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். போன ஆண்டு குளியலறையில் வழுக்கி, தலை குழாயில் இடித்துக்கொண்டது. மயக்கம் இல்லை, வாந்தி இல்லை. காயம் அரை அங்குலம். பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் இரண்டு தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்றே தெரியாது.

ஒன்பதாம் நாள் காலை நடைக்குக் கிளம்பினார். இடது கால் செருப்புக்குள் நுழையவே இல்லை. நுழைக்கிறார், நழுவுகிறது; மறுபடி நுழைக்கிறார், நழுவுகிறது. அவருக்கே அது தெரியவில்லை. செருப்பைத்தான் குறை சொன்னார். அம்மாதான் கவனித்துக் கூப்பிட்டார். ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் முழுவதும் பழைய ரத்தம் தேங்கியிருந்தது. மண்டையில் துளையிட்டு வடித்தார்கள். இன்று நடக்கிறார். கடவுள் புண்ணியம், வேறென்ன சொல்வது!

கார்முகில் | காலை 9.15

தென்னந்தோப்பு ஐயா, இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி. நான் இன்றைக்கு இதைத்தான் எழுதவேண்டும் என்று நினைத்திருந்தேன்.

பனிமல்லி குறிப்பிட்ட தலைக்காய விதியை உருவாக்கியபோதே, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களை அதில் சேர்க்கவில்லை. அதனால் அந்த விதியைக் காட்டி அவர்களுக்கு ஸ்கேன் வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2023இல் புதுப்பித்த வழிகாட்டியில், வார்ஃபரின் வகை மருந்துகளோ, குளோபிடோக்ரெல் போன்ற, ரத்தக் கட்டைத் தடுக்கும் மாத்திரைகளோ (ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுபவர் இதில் சேர்த்தியில்லை) சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வேறு ஓர் அறிகுறியும் இல்லாவிட்டாலும் 8 மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறார்கள். என் பிரிவில் நான் பரிசீலிப்பதில்லை, எடுத்துவிடுகிறேன். முதுமையில் மூளை சற்றுச் சுருங்கி, மண்டைக்குள் இடம் கூடிவிடுகிறது. அந்த இடத்தில் ரத்தம் நாட்கணக்கில் சத்தமில்லாமல் சேரும். அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே வீட்டில் யாராவது இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ மாத்திரை சாப்பிட்டால், அந்தச் சீட்டைக் கையோடு கொண்டுபோய் மருத்துவர் கேட்பதற்கு முன்பே நீட்டுங்கள்.

இன்னொரு கூட்டம், குடித்துவிட்டு விழுந்தவர்கள். "போதையில் இருக்கிறார், தூங்கட்டும்" என்று நடைபாதையில் படுக்க வைத்து இழந்த உயிர்களை நான் அறிவேன். குழறல் போதையாலா, ரத்தக் கசிவாலா என்று கையால் தொட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. அடிபட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் தெளியவில்லையென்றால் அவருக்கு ஸ்கேன் வேண்டும். வாசனையைக் காரணம் காட்டக் கூடாது.

களத்துமேடு | காலை 10.05

கொஞ்சம் வேறு கேள்வி. பத்து நாட்களுக்கு முன் வரப்பில் கால் தடுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு இல்லை என்றார்கள். இன்னும் மணிக்கட்டு வலிக்கிறது, மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. எண்ணெய்க் கட்டு போட்டுக்கொள்ளலாமா?

ஒளித்திரை | காலை 10.30

அண்ணே, பெருவிரலை நன்றாக விரித்துப் பிடியுங்கள். பெருவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு நரம்பு போல் எழும்பி நடுவே ஒரு சிறு குழி விழும். அந்தக் குழிக்குள் மற்றக் கையின் விரலால் அழுத்துங்கள். வலித்தால், கட்டுப் போடும் இடத்துக்குப் போகாமல் இன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

அந்தக் குழிக்குள் படகு வடிவில் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. அதில் விரிசல் விழுந்தால் முதல் நாள் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. பத்து, பதினான்கு நாள் கழித்து எடுத்தால் கோடு தெரியலாம், அல்லது எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அதனால்தான் முதல் படம் நன்றாக இருந்தாலும் குழியில் வலி இருந்தால் மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு, திரும்ப வரச் சொல்வார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் ஒரு முனையிலிருந்துதான் போகிறது. கவனிக்காமல் விட்டால் மறுமுனை செத்துப்போய், கை வாழ்நாள் முழுக்கத் தொல்லை கொடுக்கும். பாட்டிகள் விழுந்து இடுப்பு வலிக்கும்போதும் இப்படித்தான்: எக்ஸ்ரே சரியாக இருக்கும், ஆனால் எழுந்து நிற்க முடியாது. அங்கேயும் அடுத்த ஸ்கேன் கேட்கவேண்டும்.

கல்தூண் | காலை 11.10

பெரிய விபத்தில் வருபவர்களுக்குத் தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லதுதானே, மருத்துவர் அம்மா? அங்கேயுமா கேள்வி கேட்டுக்கொண்டிருப்பீர்கள்?

கார்முகில் | மதியம் 1.20

பலருக்கு எடுக்கிறோம். ஆனால் நெதர்லாந்து மருத்துவர்கள் நடத்தி 2016இல் வெளிவந்த ரியாக்ட்-2 ஆய்வில், வந்தவுடன் முழு உடலையும் ஸ்கேன் செய்தவர்களிலும், பரிசோதித்துத் தேவையான இடத்தை மட்டும் படமெடுத்தவர்களிலும் மருத்துவமனையில் இறந்தவர்கள் விகிதம் ஒன்றுபோலவே இருந்தது, நூற்றுக்குப் பதினாறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் இருந்தார்கள்.

ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகவே கூடாது. அங்கே அவர் சரிந்தால் காப்பாற்றக் கை போதாது. படுக்கையிலேயே வயிற்றில் களிம்பு தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை வைப்போம். இதயத்தைச் சுற்றி, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில், மண்ணீரல் பக்கம், அடிவயிறு, இந்த நான்கு இடங்களில் கறுப்பாக நீர் தெரிகிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். வயிற்றில் ரத்தம் தெரிந்து, அழுத்தமும் விழுந்துகொண்டிருந்தால் அடுத்த இடம் அறுவை அரங்கம். ஒன்றும் தெரியவில்லையென்றால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல. நிலை தேறியதும் சி.டி. எடுக்கிறோம்.

நெஞ்சுக்குள் காற்று அடைத்து, ஒரு பக்கம் மூச்சே கேட்காமல், அழுத்தம் விழும் நோயாளிக்கு எக்ஸ்ரே வரட்டும் என்று காத்திருந்தால் எக்ஸ்ரே வரும்போது அவர் இருக்கமாட்டார். முதலில் காற்றை வெளியேற்றவேண்டும்.

கர்ப்பிணிகளைப் பற்றியும் ஒரு வரி. குழந்தைக்கு ஆகாது என்று பயந்து உறவினர்கள் ஸ்கேனை மறுக்கிறார்கள். தாய்க்குத் தேவையென்றால் எடுத்தே ஆகவேண்டும். தாய் பிழைத்தால்தான் குழந்தை.

பணத்தைப் பற்றி வைகைக்கரை ஐயாவின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் பணம் கட்டவேண்டியதில்லை. உங்கள் மகள் படியில் விழுந்தது அதில் வராது. ஆனால் காசுக்காகத்தான் ஸ்கேன் வேண்டாம் என்றார்கள் என்பது எனக்குப் பொருந்தவில்லை. காசு வேண்டுமென்றால் எடுக்கச் சொல்லியிருப்பார்களே.

வைகைக்கரை | மாலை 5.45

எல்லோருக்கும் நன்றி. இரவு இரண்டு முறை எழுப்பினேன். இரண்டாவது முறை, "அப்பா, விளக்கை அணைக்கிறீர்களா?" என்று கோபித்துக்கொண்டாள். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டாள். வாந்தி இல்லை. தென்னந்தோப்பு ஐயா எழுதியதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார் என்பதே எனக்கு இன்றுதான் உறைத்தது.

இப்போது ஒரு புதிய பயம். நெற்றிப் புடைப்பு வற்றிவிட்டது, ஆனால் இடது கண்ணிமை நீலமாகி வீங்குகிறது. அடித்தள எலும்பு முறிந்தால் நீலம் பாரிக்கும் என்று நேற்று சொன்னீர்களே, அதுவா? நாளை பள்ளிக்கு அனுப்பலாமா?

கார்முகில் | மாலை 6.30

நெற்றியில் கட்டிய ரத்தம் ஓரிரு நாளில் தோலுக்கடியில் இறங்கி இமைக்கு வருவது வழக்கம். சில பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணுக்கும் இறங்கும். அவள் விளையாடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, தலைவலி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அதுதான். ஆனாலும் இது புதிதாக வந்த அடையாளம். நான் எழுத்தில் பார்த்துச் சொல்வது சரியில்லை. நேற்றுப் பார்த்த மருத்துவரிடம் இன்றே ஒரு முறை காட்டிவிடுங்கள், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். பள்ளி நாளை வேண்டாம். இரண்டு நாள் வீட்டில் இருக்கட்டும். ஓட்டமும் ஊஞ்சலும் அவர் சொன்ன பிறகு.